யாரோட போறான் எண்டு பாருங்க

ஏறாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "வறுமைதான் காரணம் எண்டு சொல்றாங்க. ஆனா 2019 ஏப்ரல் 21இல வெடிச்சவங்கள்ல கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தாங்க. மார்க்கம்தான் காரணம் எண்டு சொல்றாங்க. ஆனா அதே மதரசாக்கள்ல ஓதின எத்தனையோ பேர் கடை வச்சு, வெள்ளாமை செய்து நிம்மதியா இருக்காங்க. அப்ப மனுசன் ஏன் இப்படியான குழுக்களைத் தேடிப் போறான்? எங்கட ராத்தாட மகனும் ஏ.எல். எழுதினதில இருந்து ஒரு மாதிரி மாறிட்டான், அதுதான் கேக்கிறன்."

கேள்வியின் பாரம் முழுவதும் கடைசி வரியில் இருக்கிறது. வன்முறைக் குழுக்களில் ஆட்கள் ஏன் சேர விரும்புகிறார்கள் என்பது ஒரு கேள்வி. உங்கள் மருமகன், அதாவது அக்காவின் மகன், அந்தப் பாதையில் நிற்கிறானா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஐம்பது வருட ஆய்வு இருக்கிறது, ஓரளவு உறுதியாகவே பேசலாம். இரண்டாவதுக்குத் தூரத்தில் இருந்துகொண்டு யாராவது "ஓம்" என்றோ "இல்லை" என்றோ சொன்னால் அவரை நம்ப வேண்டாம். எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லலாம், சொல்கிறேன். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த அந்த ஏப்ரல் தற்கொலைத் தாக்குதலுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்ற வழக்கும் அரசியலும் வேறு விடயம். அதற்குள் இங்கே போகவில்லை.

வறுமையிலிருந்து தொடங்குவோம். ஏப்ரல் 21இல் இறந்த தாக்குதல்தாரிகளில் இருவர் மிளகு, கறுவா போன்ற வாசனைத் திரவியங்கள் விற்கும் கொழும்பின் பெரிய வியாபாரி ஒருவரின் மகன்கள். இன்னொருவர் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். இது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. லெபனானில் ஹிஸ்புல்லாவுக்காகச் சண்டையிட்டு இறந்தவர்களின் விபரங்களை அலன் குரூகர் என்ற பொருளியலாளரும் ஜிட்கா மலெச்கோவாவும் அந்த நாட்டின் அதே வயதுக்காரரோடு ஒப்பிட்டார்கள். இறந்தவர்கள் கொஞ்சம் கூடப் படித்தவர்களாகவும் கொஞ்சம் வசதியானவர்களாகவுமே இருந்தார்கள். ஆனால் இதை வைத்து வறுமைக்குச் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டினால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கதை பொய்யாகிவிடும். புலிகளின் கடைசிப் பத்தாண்டில் "வீட்டுக்கு ஒருவர்" என்று கேட்டு அழைத்துப் போனது பெரும்பாலும் வசதியில்லாத வீடுகளின் பிள்ளைகளைத்தான். காசுள்ளவர்கள் பிள்ளையைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிவிட்டார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? குழுவின் தேவையைப் பார்த்தால் புரியும். நிலம் பிடித்து நின்று சண்டையிடும் இயக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், அது ஏழை ஊர்களுக்குள் போகும், கிடைக்காவிட்டால் பிடித்துக்கொண்டும் போகும். பத்து இருபது பேர் கொண்ட மறைவுக் குழுவுக்கு வேண்டியது வாகனம், வாடகை வீடு, பொருள் வாங்கக் காசு, கணினி தெரிந்த கை. அது வசதியானவனைத் தேடும். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளை எதையும் தேடிப் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளைத் தீவிரவாதிகள் என்ற சொல்லுக்குள் அடக்குவது பெரிய அநியாயம்.

அடுத்து, மனநோய். குழுவாக இயங்குகிறவர்களிடையே மனநோய் பொதுமக்களிடம் இருப்பதைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குழுக்களே அப்படியானவர்களைத் தவிர்க்கும், இரகசியம் காக்க ஏலாது என்ற பயத்தில். தனியாகவே திட்டமிட்டுத் தனியாகவே தாக்குகிறவர்களிடம்தான் மனநோயின் அளவு கூடத் தெரிகிறது.

ஆத்திரம், அநியாயம் என்று வரும்போது கிழக்கில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1983 யூலை வரை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு இருந்த தமிழ் இயக்கங்களுக்குள் அதன்பிறகு ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் தொழுகையில் நின்ற நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள். ஒவ்வொன்றும் மறுபக்கத்தில் ஆயுதம் தேடும் இளைஞர்களை உண்டாக்கியது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. சில நாட்களில் கண்டிக்குப் பக்கத்தில் திகன எரிந்தது. இப்படியான காட்சிகளைக் காட்டித்தான் ஏப்ரல் தாக்குதலை நடத்திய சஹ்ரானின் குழு "நம்மைக் காப்பாற்ற யாருமில்லை" என்று பேசி ஆள் சேர்த்தது. அந்தக் காட்சிகள் பொய்யானவை அல்ல. அந்தப் பேச்சுக்கு அவ்வளவு வலு கிடைத்ததும் அதனால்தான்.

என்றாலும், அதே தெருவில் அதே இழப்போடு வளர்ந்த நூறு பேரில் போனவர் ஒருவர் என்றால், மற்றத் தொண்ணூற்றொன்பது பேரை ஆத்திரம் ஏன் கொண்டுபோகவில்லை? ஆத்திரம் விறகு. விறகு எங்கள் எல்லா வீட்டு அடுப்படியிலும் கிடக்கிறது. அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் முயற்சி தோற்றுப்போவதும் இதனால்தான். ஒரு கணக்குப் போடுவோம். 100,000 இளைஞர்கள் உள்ள இடத்தில் உண்மையில் ஆபத்தானவர்கள் 20 பேர் என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை உங்களிடம் இருக்கிறது என்றும் வையுங்கள். அது 20 பேரில் 18 பேரைப் பிடிக்கும். கூடவே ஒரு குற்றமும் செய்யாத 9,998 பேரையும் பிடிக்கும். பிடிபட்ட ஐந்நூற்றைம்பது பேருக்கு ஒருவர்தான் உண்மையானவர். இவ்வளவு துல்லியமான சோதனை உலகில் எங்கும் இல்லை. 2019இல் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை பௌத்தத்தின் தர்மசக்கரம் என்று நினைத்து ஒரு பெண்ணை மறியலில் வைத்தது இந்தக் கணக்கின் நேரடி விளைவு.

அப்படியானால் விறகில் நெருப்பு எங்கே பற்றுகிறது? ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தும் இடங்கள் இரண்டு. ஒன்று, "நான் ஒரு ஆளாக வேண்டும்" என்ற தவிப்பு. அவமானப்பட்டவன், தோற்றவன், வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காதவன் மட்டுமல்ல, எல்லாம் கிடைத்தும் தன் வாழ்க்கைக்குப் பாரமே இல்லை என்று நினைப்பவனும் இதில் அடக்கம். வியாபாரியின் மகன்கள் போனதை வறுமையால் விளக்க முடியாது, இதனால் விளக்கலாம். போருக்குப் பின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் புலி உறுப்பினர்களில் ஒரு பகுதியினரிடம் ஆரி குருக்லான்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு ஆய்வு செய்தது. தொழிற்பயிற்சி, கல்வி எல்லாம் முழுமையாகக் கிடைத்தவர்களிடம், குறைவாகக் கிடைத்தவர்களைவிட, வன்முறைக்கான ஆதரவு ஒரு வருடத்தில் அதிகமாகக் குறைந்திருந்தது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் குறைந்ததோடு இது சேர்ந்து வந்தது. இந்த முடிவை நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன். காவலில் இருப்பவன், தன் விடுதலை யார் கையில் என்று தெரிந்தவன், கேள்வித்தாளில் என்ன எழுதுவான் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் மதிப்புக்கான தவிப்பு என்பது வேறு நாடுகளின் ஆய்வுகளிலும் வருவதால் அதை முழுவதும் தள்ள முடியாது.

இரண்டாவது இடம் இன்னும் உறுதியானது: தெரிந்த ஒரு ஆள். கூட்டாளி, நானா, மச்சான், ஓதித் தந்தவர். அல்கைதாவோடு தொடர்புபட்டவர்களின் வாழ்க்கையைத் தேடிய மார்க் சேஜ்மன், பெரும்பாலானோர் முதலில் கூட்டாளிகளாகவோ உறவாகவோ சேர்ந்து, பிறகுதான் கொள்கைக்குள் போனார்கள் என்று கண்டார். நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. 1983க்குப் பிறகு புலிகள், டெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் என்று எதில் ஒருவன் சேர்ந்தான் என்பதைப் பல இடங்களில் தீர்மானித்தது கொள்கை வித்தியாசம் அல்ல, எந்த இயக்கத்தின் ஆள் முதலில் ஊருக்கு வந்தான், எவனுடைய கூட்டாளி எதில் இருந்தான் என்பதுதான். 1990க்கு முன் அந்த இயக்கங்களில் கிழக்கின் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். ஏப்ரல் குழுவிலும் அதே பின்னல்தான்: அண்ணன் தம்பி, தகப்பன், மனைவி, மச்சான். ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குள் வெடித்துச் செத்தது ஒரு குடும்பம். 6 சிறுவர்களும் அதில் போனார்கள்.

கொள்கை எங்கே வருகிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சில் ஜில் கெப்பெல், மார்க்கத்தின் ஒரு கடும் போக்கு முதலில் பரவி அதிலிருந்து வன்முறை வருகிறது என்கிறார். ஒலிவியே ருவா, வன்முறைத் தாகம் உள்ள இளைஞர் கையில் கிடைத்த கொடியாக மார்க்கத்தை எடுக்கிறார்கள் என்கிறார். என் கருத்து, இருவரும் வெவ்வேறு ஆட்களைப் பார்க்கிறார்கள். தலைவனுக்குக் கொள்கை முன்னால் வருகிறது: சஹ்ரான் வருடக்கணக்காகப் பகிரங்கமாகப் பிரசங்கம் செய்தவர், 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் சூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகே தலைமறைவானார். பின்னால் போனவர்களுக்குப் பெரும்பாலும் ஆள் முதலில், கொள்கை பிறகு.

சேர்க்கும் முறை, கொடி எதுவாக இருந்தாலும், ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் போகிறது. எல்லாரும் வரும் பெரிய வகுப்பு அல்லது கூட்டம் முதலில். அது முடிந்த பிறகும் நின்று கேள்வி கேட்பவனைக் கவனிப்பார்கள். அவனுக்குத் தேத்தண்ணி, ஒரு பயணம், ஐந்தாறு பேர் மட்டும் உள்ள தனி வட்டம். அடுத்தது ஒரு சின்ன வேலை: வீடியோ வெட்டிக்கொடு, இதைக் கொண்டுபோய்க் கொடு. நல்ல வேலை செய்தாய் என்ற பாராட்டு, வீட்டில் கிடைக்காத பாராட்டு. பிறகு முதல் இரகசியம். அது அற்பமான விடயமாகத்தான் இருக்கும், ஆனால் "வீட்டில சொல்லாத" என்ற சொல் அன்றைக்குத்தான் வருகிறது. பிறகு பழைய வாழ்க்கையை வெட்டுதல், புதுப்பெயர், சத்தியம் அல்லது பைஅத் என்ற விசுவாச உறுதிமொழி. கடைசியாக, திரும்பி வர முடியாதபடி ஒரு குற்றம். 2018 டிசம்பரில் மாவனல்லையில் சஹ்ரானோடு தொடர்புபட்ட இளைஞர்கள் புத்தர் சிலைகளை உடைத்தது அந்த வகை வேலை. ஒவ்வொரு படியும் முந்தின படியைவிடக் கொஞ்சம்தான் உயரம். எந்த இடத்திலும் "நான் கொலைகாரனாகப் போகிறேன்" என்று முடிவெடுக்கும் ஒரு கணம் வருவதில்லை. முதல் மூன்று நான்கு படிகளில் நிற்பவன் குற்றம் எதுவும் செய்யவில்லை, திரும்பி வருவது அப்போது மிக இலகு. பெரும்பாலானோர் தாமாகவே அலுத்துத் திரும்பியும் விடுகிறார்கள்.

இனி உங்கள் மருமகன். முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள், அவைதான் அதிகம் நிகழக்கூடியவை. ஏ.எல். எழுதிப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அழைப்பு வரும்வரை ஒரு வருடத்துக்கு மேலும் போகும். அந்த வெற்றுக் காலத்தில் பையன்கள் மாறுவார்கள். பெறுபேற்றில் விழுந்த அடி, காதல், ஐஸ் போன்ற போதை, மனச்சோர்வு எல்லாம் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும்: பேச்சு குறையும், கதவு பூட்டியிருக்கும், தூக்கம் மாறும். மனச்சோர்வு என்று பட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தாடி வைப்பது, ஐந்து நேரமும் பள்ளிக்குப் போவது, பாட்டுக் கேட்பதை விடுவது ஆபத்தின் அடையாளம் அல்ல. வாப்பா போகும் கந்தூரியை "பித்அத்", மார்க்கத்தில் இல்லாத புதுமை, என்று சண்டை பிடிப்பதும் அப்படியே. எங்கள் ஊர்களில் தௌஹீத், தரீக்கா என்று மார்க்கப் போக்கால் பிரிந்து அண்ணன் தம்பி பேசாமல் இருந்த வீடுகள் பல, அவற்றில் யாரும் குண்டு கட்டவில்லை.

கவனிக்க வேண்டியது ஆட்கள் குறைவது. பழைய கூட்டாளிகள் ஒருவர் விடாமல் ஒரே காலத்தில் போய், அந்த இடத்தில் வயது கூடிய, வீட்டுக்கு வராத, பெயர் சொல்லாத ஒருவர் வந்திருக்கிறாரா? இரண்டு மூன்று இரவு வெளியில் தங்கி, எங்கே என்று ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்கிறானா? சொந்த உம்மா வாப்பாவையே காஃபிர், இறைமறுப்பாளர், என்ற சொல்லால் பேசுகிறானா? கொலை வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அது கடமை என்று பேசுகிறானா? ஒன்று இருந்தால் விசாரியுங்கள். இவை எல்லாம் சேர்ந்து, அதோடு கடனை அடைத்தல், பொருட்களைப் பங்கிட்டுக் கொடுத்தல், காரணம் இல்லாமல் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டல், கடிதம் எழுதி வைத்தல் என்று வந்தால் நாட்கள் குறைவு.

என்ன செய்வது என்பதில் நீங்கள் தாய்மாமன் என்பது பெரிய வசதி. கிழக்கில் இரு சமூகத்திலும் தாய்வழிக் குடும்பத்துக்கு உள்ள இடத்தால், வாப்பா சொன்னால் சண்டையாகும் சொல் மாமாவின் வாயில் கேள்வியாக இருக்கும். பேசுவது ஒருவர் மட்டும் போதும். குடும்பமே சுற்றி இருந்து விசாரணை வைத்தால் அவன் அன்றைக்கே உங்களுக்கு வெளியில் போய்விடுவான். முகம் பார்த்து உட்கார்ந்து பேச வேண்டாம், வயல் வட்டைக்குக் கூட்டிப்போங்கள், மோட்டார் சைக்கிளைச் சேர்ந்து கழுவுங்கள், கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும். முதல் இரண்டு கிழமை விவாதமே வேண்டாம். "அவர எங்க சந்திச்ச? அவருக்குப் பிள்ளைகள் இருக்கா? அவங்க என்ன செய்றாங்க?" இந்த மூன்றாவது கேள்வி நன்றாக வேலை செய்யும். குழுக்களை விட்டு வந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில், ஆதாரம் காட்டித் தோற்கடித்ததால் வந்தவர் குறைவு. தலைவனின் நடத்தையில் கசந்து, களைத்து, வீட்டை நினைத்து வந்தவர்களே அதிகம். 2004 ஏப்ரலில், புலிகளிலிருந்து பிரிந்த கருணா தரப்பு கலைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு என்று ஒன்று இருந்தது. மார்க்க விளக்கம் தேவையென்றால் அவன் ஏற்கனவே மதிக்கும் பக்கத்து ஆலிமிடம் போங்கள். அவன் எதிர்க்கும் பக்கத்தவர் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் காதில் ஏறாது. புத்திமதிக்குப் பதில் பொறுப்புக் கொடுங்கள்: கடைக் கணக்கு, அறுவடைக்கு மெசின் பிடிக்கும் வேலை, அவன் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஏதாவது ஒன்று.

கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். போனை உடைத்தால் வேறு போன் வரும், அது உங்களுக்குத் தெரியாத போனாக இருக்கும். வீட்டை விட்டுத் துரத்தினால் மிச்சமிருக்கும் ஒரே வீடு அவர்களுடையது. "ஒரு கலியாணத்தக் கட்டி வச்சாச் சரியாகும்" என்று மட்டும் தயவுசெய்து யோசிக்க வேண்டாம். சாய்ந்தமருது வீட்டுக்குள் இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

பொலிசுக்குச் சொல்வதா என்ற பயம் நியாயமானது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், 2022இல் திருத்திய பிறகும் தடுப்பு உத்தரவில் 12 மாதம் வரை வைக்கலாம். அதனால் சந்தேகம் மட்டும் உள்ள கட்டத்தில் குடும்பம், நம்பிக்கையான ஆலிம், மனநல வைத்தியர் என்றே நில்லுங்கள். ஆனால் வெடிபொருள், ஆயுதம், நாள் குறித்த பேச்சு, மேலே சொன்ன விடைபெறும் செயல்கள் என்றால் தாமதிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு சட்டத்தரணியோடு அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். சட்டத்தரணி உடனே கிடைக்காவிட்டால் தனியாகவே போங்கள். சாய்ந்தமருதில் அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம் மக்கள்தான், காத்தான்குடி மக்களும் சஹ்ரானைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்தார்கள். அவனைக் கைது செய்தால் நேரம், இடம், வந்தவர்களின் பொலிஸ் நிலையம், வாகன இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கைது பற்றி 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது, அவசர இலக்கம் 1996. அவர்கள் அறிவிப்பார்கள் என்று இருக்காமல் நீங்களே அழையுங்கள்.

அந்த இடம் வரை போகாது என்றே நினைக்கிறேன், அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவனையும் ஏற்றிக்கொண்டு போங்கள். தொழுகை முடிந்து சனம் கலையும்போது அவசரப்படுத்தாமல் கொஞ்சம் தள்ளி நின்று, அவன் யாரிடம் போய்க் கதைக்கிறான் என்று பாருங்கள். வேறு பள்ளிக்குப் போகிறேன் என்றால், அங்கே ஏற்றிக்கொண்டு போங்கள்.